முதலில் அப்பம்

ஆபத்துக் காலத்தில் சாதாரணக் கிறிஸ்தவரின் கடமை ஜெபமா, உதவியா?
*– வாசகர், சூரமங்கலம், சேலம்*

சேலத்துக் கேள்விக்குச் சாலேமிலேயே பதில் இருக்கிறது. போர் முடிந்து திரும்பிய ஆபிராமுக்குச் சாலேம் ராஜா மெல்கிசேதேக்கு முதலில் கொண்டுவந்தது அப்பமும் திராட்சரசமும். ஆசீர்வாதம் அடுத்த வசனத்தில்தான் வருகிறது (ஆதியாகமம் 14).

அவர் ராஜா, ஆசாரியர். சாமானியர் என்ன செய்ய முடியும்?

பேதுருவுக்கு முதலில் இருந்தது பட்டமா, படகா? 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். அவர்களில் பலர் லத்தீன் கத்தோலிக்கர். முஸ்லிம்களும் இந்துக்களும் உடன் நின்றார்கள். மீனவர்கள் மீட்டவர்கள் சுமார் 65,000 பேர் என்கிறது அரசுக் கணக்கு.

தேவாலயமே பூட்டிக் கிடந்தால்?

2020 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு. கொரோனா ஊரடங்கால் தேவாலயங்கள் பூட்டித்தான் கிடந்தன; வழிபாடு வீட்டுக்குள் வந்தது. கூட்டம் கூடாமல் இருந்ததும் அன்று பிறர்சிநேகமே. பூட்டு கதவுக்குத்தான், கடமைக்கு அல்ல. தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மாத்திரை வாங்கித் தர போதகரின் கையெழுத்து தேவையில்லை.