நிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் ரேஸ்

வாடா பேராண்டி, அந்த மூட்டைய இறக்கி வச்சிட்டு இப்படி உக்காரு. என்ன அதுல, கொழுந்தா? கேமராவா? ஒரு கேமராவுக்கு மூணு லென்ஸா? கண்ணு ரெண்டை வச்சே நாங்க எழுபது வருசம் பார்த்துட்டோம். சரி, அது பழைய காலம்.

ஜனவரியில டுபாய்ல 24 மணித்தியாலம் கார் ஓடுமாமே, அதைப் படம் புடிக்கப் போறியாம். போ ராசா, நல்லாப் போ. நம்ம தோட்டத்துப் புள்ளைங்க எத்தனையோ பேரு அங்க வேலை பார்க்குறாங்க. படுக்க ஒரு மூலை கெடைக்காமலா போயிரும்? 2006லருந்து நடக்குற ரேஸு. ஒரு சுத்து 5.39 கிலோமீட்டர். ஒரு காரை நாலஞ்சு பேரு மாத்தி மாத்தி ஓட்டுவாங்க. விடிய விடிய ஓடி, மறுநா அதே நேரத்துக்கு வந்து நிக்கணும். நிக்கணும்னு சொன்னேன், காதுல விழுந்துச்சா?

நீ எதுக்குப் போறன்னு எனக்குத் தெரியாதா? 2025ல நடிகர் அஜித் குமாரு சொந்த டீமோட அங்க எறங்கினாரு. அதுலருந்து இந்த மலையில உள்ள பொடியனெல்லாம் ரேஸ்காரன். ஹாலி-எல வளைவுல த்ரீவீலைக் கத்த விடுறான். மீட்டர்ல நாப்பது. முகத்துல நானூறு!

அந்த மனுசன் என்ன செஞ்சாருன்னு பார்த்தியா? பயிற்சியில காரு செவுத்துல மோதிச் சுழண்டுச்சு. ஆளுக்கு ஒண்ணுமில்ல. வீம்புக்கு அதே காரைப் புடிச்சுத் தொங்கினாரா? இல்லியே. டீமோட அந்தக் காரைக் கூட்டாளிங்க மூணு பேருக்கிட்ட விட்டுட்டு, அவரு வேறொரு காரை ஓட்டினாரு. விட்டுக்குடுத்த காரு அதோட பிரிவுல 3ஆவதா வந்துச்சு. ஒதுங்கத் தெரிஞ்சவன் ஜெயிச்சான். அதுக்கு முந்தின மாசந்தான், என்னையக் கடவுளேன்னு கூப்புடாதீங்கன்னு அறிக்கை விட்டிருந்தாரு. டுபாய்ல நின்னுக்கிட்டே, உங்க வாழ்க்கையைப் பாருங்கன்னும் சொன்னாரு. நீ என்ன செஞ்ச? அந்தப் பேச்சுக்குப் பின்னால பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ் வச்ச!

அங்க இன்னொரு கூத்தும் இருக்கு. பறந்து வர்ற காரெல்லாம் எண்ணெய் அடிக்க ஒரு பொதுச் செட்டுக்குத்தான் போகணும். போய் வரிசையில நிக்கணும். கோடி ரூபாக் காரு, வரிசையில! 2022ல பெற்றோல் செட்டு வாசல்ல நாள் கணக்காத் தவங்கெடந்த நமக்கு இது புதுசா? அந்தப் பொறுமைக்கு நம்மாளுகளுக்கு ஒரு கப்பாவது குடுத்திருக்கணும். நமக்குக் கெடைச்சது கியூ.ஆர். கோடு.

அப்புறம் கோட் 60ன்னு ஒரு சட்டம். தடத்துல ஏதாச்சும் ஆபத்துன்னா ஊதாக் கொடி காட்டுவாங்க. காட்டினா எந்தக் காரும் 60 கிலோமீட்டருக்கு மேல போகக் கூடாது, முந்தவும் கூடாது. நம்ம பண்டாரவளை பஸ்ஸுக்காரன் அந்த நேரம் அங்க இருந்தா எல்லாரையும் முந்திட்டுப் போயிருவான். அதனாலதான் அவனுக்கு அழைப்பில்ல.

பிரான்சு நாட்டுல லெ மான்ஸ்னு ஒரு ஊரு. 1923லருந்து இந்த 24 மணித்தியால ரேஸுக்குத் தாய்வீடு. அங்க அந்தக் காலத்துல கொடி விழுந்ததும் ஓட்டுறவன் ரோட்டுக்குக் குறுக்க ஓடிப்போய்க் காருல ஏறணும். அவசரத்துல பெல்ட்டு யாரு போடுறா? 1969ல ஜாக்கி இக்ஸ்னு ஒரு பெல்ஜியத்துக்காரன், இது பைத்தியக்காரத்தனம்னு, எல்லாரும் ஓடுறப்ப நிதானமா நடந்து போனான். பெல்ட்டைப் பூட்டிக்கிட்டுக் கடைசியாக் கெளம்பினான். முதல் சுத்துலயே இன்னொருத்தன் மோதிச் செத்தான். அவன் பெல்ட்டு பூட்டல. மறுநா யாரு ஜெயிச்சதுங்கிற? நடந்து போன இக்ஸும் அவன் கூட்டாளியும்! அதுவும் சுமார் 120 மீட்டர் வித்தியாசத்துல. அடுத்த வருசமே அந்த ஓட்டத்தை நிப்பாட்டிட்டாங்க. பதறாத காரியம் சிதறாதுன்னு நம்ம பாட்டி சொன்னா நீ கொட்டாவி விடுவ. பெல்ஜியத்துக்காரன் சொன்னாக் கேப்பியில்ல?

இப்ப ஒன் கேமராவுக்கு வர்றேன். செக்கன்ல 2,000ல ஒரு பங்குக்குப் புடிப்பேன்னு பீத்துறியே, புடிச்சுப் பாரு. சக்கரம் உறைஞ்சு நிக்கும். பதுளை பஸ் ஸ்டாண்டுல பார்க் பண்ணின காரு மாதிரி இருக்கும். அதுக்கா இத்தனை லட்சம்? 60ல ஒரு பங்குக்கு எறக்கு. காரு போற போக்குக்கு இடுப்பைத் திருப்பிக்கிட்டே அமுக்கு. பின்னால உள்ளதெல்லாம் கோடா இழுபடும், சக்கரம் சுத்தும், காரு மட்டும் தெளிவா நிக்கும். வேகத்தைப் படத்துல கொண்டார மெதுவாப் புடிக்கணும். பாதி கெட்டுப் போகும், போகட்டும். அவசரப்படாத. தேயிலை ஸ்டோர்ல கொழுந்து வாட 12 மணித்தியாலத்துக்கு மேல ஆகும். தொரையே வந்து நின்னு அதட்டினாலும் அது அவசரப்படாது.

இனிச் சொல்றது சிரிக்கிற கத இல்ல. எங்க நிக்கிறதுன்னு பார்த்து நில்லு. 1955ல அதே லெ மான்ஸ்ல காரு கூட்டத்துல பாஞ்சு 80க்கு மேல செத்தாங்க. தூரத்து ஊருங்கிறியா? இந்தா இருக்கு தியத்தலாவை. 2024 ஏப்ரல் 21, பொக்ஸ் ஹில் ரேஸு. தடத்தை விட்டு வெலகின காரு ஆளுங்க மேல ஏறி 7 உசுரு போச்சு. அதுல ஒண்ணு 8 வயசுப் புள்ள. எவன் எங்க நின்னான்னு நான் யாரையும் கொறை சொல்லல. நீ எங்க நிப்பன்னுதான் கேக்குறேன். வேலிக்கு அந்தப் பக்கம் அனுமதிச் சட்டை போட்டவனோட வேலை. நீ இந்தப் பக்கம். கம்பி மறைக்குதா? லென்ஸைக் கம்பிக்குக் கிட்ட ஒட்டி, அதோட வாயை அகலத் தெறந்து புடி, கம்பி கரைஞ்சு போகும். ஒரு லைக்குக்காக உசுரை வேலிக்கு அந்தப் பக்கம் வீசாத.

காதுக்குப் பஞ்சு எடுத்துக்க. பாலைவனம்னு ஸ்வெட்டரை விட்டுட்டுப் போகாத, ஜனவரி ராத்திரி அங்கயும் குளிரும். எல்லாரும் முதல் ஒரு மணித்தியாலத்தைப் புடிச்சிட்டு அறைக்குப் போய் அப்லோட் பண்ணுவான். நீ சாமம் தாண்டி முழிச்சிரு. இருட்டுல பிரேக்கு தட்டு செவந்து எரியும், அதைப் புடி. டயர் அடுக்குல சாஞ்சு தூங்குற மெக்கானிக்கைப் புடி, அவனை எழுப்பாம. ராப்பூரா வேலை செஞ்சவன் முகம் எப்படி இருக்கும்னு தோட்டத்துப் புள்ளைக்கு யாரும் சொல்லிக் குடுக்கணுமா?

திரும்பி வந்து ஆயிரம் படத்தைக் காட்டி என் கண்ணைக் கெடுக்காத. ஒண்ணே ஒண்ணு போதும். அதுல நீ இருக்கக் கூடாது.