பேச்சுக்கு ஒரு பொன்னாடை

கரிசல் காட்டில் புரட்டாசி மழை பொய்த்தது உண்டு. பருத்தி விலை பொய்த்தது உண்டு. பயிர்க் காப்பீட்டுப் பணம் இதோ வருகிறது என்று சொன்ன வாய் எத்தனையோ முறை பொய்த்திருக்கிறது. கோவில்பட்டியில் பொருளாதாரக் கூட்டம் மட்டும் பொய்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பட்ஜெட் வரும், மே தினம் வரும், தலைவர் யாருக்காவது நூற்றாண்டு வரும். ஒன்றும் வராவிட்டால் விலைவாசி எப்போதும் இருக்கவே இருக்கிறது. கருத்தரங்கம், பட்டிமன்றம், தெருமுனைக் கூட்டம், நூல் அறிமுகம் என்று நோட்டீசில் தலைப்பு மாறும். பேச்சாளர் மாற மாட்டார். ஓரத்து நாற்காலியிலிருந்து இவற்றைக் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில் ஒரு வாழ்த்துமடல் வாசித்தளிக்கும் கடன் எனக்கு இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட வசதி இல்லை. தாளாகவே வாங்கிக்கொள்ளட்டும்.

முதலில் இவர்களுடைய தூரப் பார்வை. 2008-இல் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்த கதையைப் பக்கத்துத் தெருவில் சீட்டுப் பிடித்தவன் ஓடிப்போன கதை மாதிரி அவ்வளவு நெருக்கமாகச் சொல்வார்கள். 1991-இல் மன்மோகன் சிங் வாசித்த பட்ஜெட், உலக வர்த்தக அமைப்பு, கிரேக்க நாட்டின் கடன், 2016 நவம்பரின் பணமதிப்பிழப்பு எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். வாஷிங்டனில் வட்டி கால் சதவீதம் ஏறினால் இங்கே ஒருவர் மேசையைக் குத்துவார். வாஷிங்டனிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து மதுரை வரைக்கும் குரல் கணீரென்று வரும். சாத்தூர் தாண்டும்போது கொஞ்சம் தணியும். கூட்டம் நடக்கிற தெருவுக்கே வந்து சேரும்போது தண்ணீர் பாட்டிலைத் திறப்பார். எதிர்வரிசைக் கமிஷன் கடையில் உளுந்து மூட்டைக்குச் சாக்கு எடை என்று எத்தனை கிலோ கழிக்கிறார்கள், சாம்பிள் என்று அள்ளிய கைப்பிடி எங்கே போகிறது என்ற சில்லறை விவகாரங்களை அவர் தொட்டதே இல்லை. பெரிய மனசுக்காரர்கள் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பற்றி இவர்கள் பேசிக் கேட்க வேண்டும். 2004-இல் அமைத்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் ஐம்பது சதவீதம் என்ற அதன் பரிந்துரை, சி-2 என்றால் என்ன, அதில் சொந்த நிலத்துக்கு வாடகையும் சேருமா என்று அத்தனையும் துல்லியமாக வரும். கேட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கமிஷன் கடை அண்ணாச்சிதான் எல்லாரையும்விடப் பலமாகத் தலையாட்டுவார். ஆதரவு விலையைத் தர வேண்டியது டெல்லி; அவர் ஆதரவு தந்தது பிளெக்ஸ் பேனருக்கு. இருவருக்கும் நடுவே எந்த மனக்கசப்பும் வராமல் மூன்று மணி நேரம் ஓட்டுவது எளிய காரியமா? தொழில் தெரிந்த பேச்சாளரால்தான் முடியும்.

தீப்பெட்டியைப் பற்றிப் பேசாமல் கோவில்பட்டியில் கூட்டம் முடியாது. 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்த கதையில் தொடங்கும். கையால் செய்த பெட்டிக்கு 5, இயந்திரத்தில் செய்த பெட்டிக்கு 18 என்று இருந்த ஜி.எஸ்.டி. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 என்று ஆன அநியாயம் அல்லது நியாயம் (அன்றைக்கு யார் தலைமையோ அதைப் பொறுத்தது) விளக்கப்படும். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து சீன லைட்டரை அடிப்பார்கள். அடிப்பதற்கு அதைப் போல வசதியான எதிரி கிடையாது. கூட்டத்துக்கு வராது, நன்கொடை தராது, மறுநாள் கடை வாசலில் நிறுத்தி, “என்ன தம்பி, ரொம்பப் பேசிட்டியளே” என்றும் கேட்காது. 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியாகக் கூடாது என்று ஒன்றிய அரசு தடை போட்ட பிறகும் விடாமல் அடிக்கிறார்கள்.

2021 டிசம்பரில் தீப்பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. அதற்கு முன் அரை ரூபாயாக இருந்தது ஒரு ரூபாய் ஆனது 2007-இல். பதினான்கு வருஷம் அசையாத விலையை அசைக்க உற்பத்தியாளர் சங்கத்தார் சிவகாசியில் கூடிப் பேசினார்கள், பாஸ்பரஸ், மெழுகு, அட்டை விலைகளைக் கூட்டிப் பார்த்தார்கள், முடித்தார்கள். பட்டிமன்றம் வைக்கவில்லை, நடுவர் இல்லை, வாழ்த்துரை இல்லை. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. விலை ஏற வேண்டும் என்று நிஜமாகவே நினைப்பவர்கள் மைக் இல்லாத இடத்தில் கூடுகிறார்கள். மைக் உள்ள இடங்களை அவர்கள் நமக்கு விட்டுக் கொடுத்திருப்பதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

அந்தச் சமயத்தில் நடந்த கூட்டம் ஒன்றில் கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். கூட்டத்துக்கென்று வந்தவர் அல்ல. நாற்காலி போட வந்த பையனைக் கூட்டிப் போக வந்தவர். தீப்பெட்டி ஆபீசுக்கு (தொழிற்சாலைக்கு இங்கே அதுதான் பெயர்) போகிறவர் என்பது விரல் நுனியைப் பார்த்தால் தெரியும். “ஐயா, பெட்டி ரெண்டு ரூவான்னா எங்களுக்குக் குரோசுக்கு எம்புட்டுங்கய்யா ஏறும்?” என்றார். மேடையில் இருந்தவர் முகம் மலர்ந்தது. அருமையான கேள்வி, இப்படிப்பட்ட கேள்விகள்தான் வேண்டும் என்றார். அப்புறம் உபரி மதிப்பு என்றால் என்ன என்று தொடங்கினார். மார்க்ஸ் லண்டன் நூலகத்தில் உட்கார்ந்து படித்தது, வேலை நாளை நீட்டிப் பறிக்கும் உபரி ஒரு வகை, உழைப்பின் உற்பத்தித்திறனைக் கூட்டிப் பறிக்கும் உபரி இன்னொரு வகை, இரண்டையும் குழப்பிக்கொண்ட ஜெர்மானிய அறிஞர்கள் என்று விளக்கம் விரிந்தது. சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. அந்தப் பதிலில் எல்லாம் இருந்தது, எம்புட்டு என்பது மட்டும் இல்லை. “சரிங்கய்யா, காலையில வண்டி வந்துரும்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா பையனோடு போய்விட்டார். “நேரம் கருதி அடுத்த கேள்விக்குச் செல்வோம்” என்றார் தொகுப்பாளர். அடுத்த கேள்வி கிரிப்டோ நாணயம் பற்றியது. அதற்கு எல்லாரிடமும் பதில் இருந்தது.

இந்தப் பக்குவம் ஒருநாளில் வந்ததல்ல. பழைய ஆட்களிடம் இது சுத்தமாக இல்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒட்டப்பிடாரத்துக்காரர் வ.உ. சிதம்பரம் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். உலக வாணிகம் தெரியாதவர் இல்லை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடியில் சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து மேடை மேடையாகப் பேசினார். கப்பலோடும் கடலோடும் நிறுத்தியிருக்கலாம். மனுஷன் உள்ளூர் கோரல் மில் தொழிலாளியின் கூலி, வேலை நேரம், வார விடுமுறை என்று இறங்கிவிட்டார். விளைவு என்ன? பிப்ரவரி 27-ஆம் தேதி வேலைநிறுத்தம். ஒரு வாரத்துக்குச் சற்று மேலே தாக்குப்பிடித்தார்கள். வெள்ளைக்கார நிர்வாகம் இறங்கிவந்து கூலியைக் கூட்டியது. பொதுக்கூட்டத்தில் பேசிக் கூலி உயர்ந்துவிட்டால் அப்புறம் பேச்சுக்கு என்ன மரியாதை! மார்ச் 12-இல் கைது செய்தார்கள். ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே இருபதும் இருபதுமாக நாற்பது வருஷம் போட்டார். மேல்முறையீட்டில் குறைந்தது, கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கு குறையவில்லை. பின்ஹேயைப் போல ஒரு பேச்சைக் கவனித்துக் கேட்ட ரசிகர் அதற்குப் பிறகு இந்தச் சீமைக்கு வாய்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

நம் பேச்சாளர்கள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. எந்தக் கூட்டமானாலும் வ.உ.சி. இழுத்த செக்கு வரும். குரல் தழுதழுக்கும்; எனக்கே இரண்டு முறை கண் கலங்கியிருக்கிறது. எதற்காகச் செக்கு இழுக்க வைத்தார்கள் என்ற இடத்தில் மட்டும் கூலி உதிர்ந்துபோய் விடுதலை உணர்ச்சி வந்து உட்கார்ந்துகொள்ளும். மாலை போட அதுதான் லாயக்கு.

உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு இன்னொருவர். கோவைப் பக்கம் மின்கட்டண உயர்வை எதிர்த்து 1972-இல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நகரத்தையே அடைத்தவர். 1984 டிசம்பரில் சுற்றுப்பயணம் வந்த இடத்தில், நம் கோவில்பட்டியில்தான் உயிர் விட்டார். அவர் நினைவாக இலவச மின்சாரம் சரியா தவறா என்று இங்கே நடக்கும் விவாதம் போல உணர்ச்சிகரமான விவாதம் வேறெங்கும் கேட்க முடியாது. மீட்டர் பொருத்தலாமா கூடாதா, மின்வாரியத்தின் நஷ்டம் யார் தலையில் என்று இரண்டு தரப்பும் அனல் பறக்கும். கேட்டுக்கொண்டிருக்கும் விளாத்திகுளம், புதூர்ப் பக்கத்துச் சம்சாரிகளில் பாதிப் பேருக்கு மேல் கிணறே கிடையாது. கிணறு இல்லாதவனுக்குப் பம்புசெட் ஏது? உளுந்தும் கம்பும் மக்காச்சோளமும் மானாவாரியில் போட்டுவிட்டு மேகத்தைப் பார்க்கிறவர்கள். 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இத்தனை காலமும் மண்டையை உடைத்துக்கொள்வது இந்த மானாவாரிக்காகத்தான். ஆனால் மானாவாரியில் விவாதத்துக்கு என்ன இருக்கிறது? கட்டணம் இல்லை, மீட்டர் இல்லை, கொள்கை கூட இல்லை. ஆகவே சம்சாரிகள் பெருந்தன்மையோடு அடுத்தவன் மின்சாரத்துக்குக் கைதட்டிவிட்டுப் போகிறார்கள்.

பட்டிமன்றத்துக்கு வருவோம். ஊர் ஊராக அதை வளர்த்தவர் குன்றக்குடி அடிகளார். அவர் மேடையோடு நிற்காமல் குன்றக்குடியில் கிராமத் திட்டக் குழு வைத்து, தொழிற்கூடம் நடத்தி, சொன்னதைச் செய்து பார்க்கும் வீண் சிரமத்தையும் மேற்கொண்டார். பின்னால் வந்தவர்கள் அதைக் கழித்துவிட்டு நகைச்சுவையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ‘கரிசல் சம்சாரியின் துயரத்துக்குப் பெரிதும் காரணம் அரசின் கொள்கையா, வானத்தின் கொடுமையா?’ என்று தலைப்பு. அரசு என்ற அணிக்கு ஒரு பேராசிரியை. வானம் என்ற அணிக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மாமியார் ஜோக் இரண்டு, மருமகள் ஜோக் ஒன்று. கடைசியில் நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொள்கையும் இல்லை, வானமும் இல்லை, கூட்டுக் குடும்பம் சிதைந்ததுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்வார். அரசுக்கு நிம்மதி, வானத்துக்கும் நிம்மதி. படைப்புழு தின்ற மக்காச்சோளக் காட்டுக்காரர் தன் தம்பியோடு சண்டை போட்டதை நினைத்து வருத்தத்தோடு வீட்டுக்குப் போவார்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். வாழ்த்துமடல் என்றாலும் நேர்மை வேண்டும். இந்த ஊர் எழுத்தாளர்களுக்கு மேடை நாகரிகம் போதாது. இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் சம்சாரியின் வரவு செலவை எழுதி எழுதியே பெயர் வாங்கினார். பூமணி என்ன செய்தார் தெரியுமா? தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பிள்ளைகளை வைத்து ‘கருவேலம்பூக்கள்’ என்று படமே எடுத்துவிட்டார். சோ. தர்மன் கண்மாய் எப்படிச் செத்தது என்று ‘சூல்’ நாவலில் விலாவாரியாக எழுதினார். அதற்கு 2019-க்கான சாகித்ய அகாதமி பரிசு வேறு. இப்படிப் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, கணக்கும் சொல்லிவிட்டால் கருத்தரங்கத்தில் பேச என்ன மிச்சம் இருக்கும்? நல்லவேளையாக, அவர்களுக்கும் பொன்னாடை போர்த்திவிடுகிறோம். போர்த்திய பிறகு யாரும் புத்தகத்தைத் திறப்பதில்லை.

நேரம் குறிப்பதில் உள்ள கரிசனத்தையும் சொல்ல வேண்டும். கூட்டம் சாயங்காலம் ஆறு மணி என்று போட்டு ஏழரைக்குத் தொடங்கும். அதிகாலையில் எழுந்து ஆபீஸ் வண்டிக்கு ஓட வேண்டியவர்கள் அந்நேரம் அடுப்படியில் இருப்பார்கள். விதைப்புக் காலத்தில் சம்சாரி காட்டில் கிடப்பார். ஆக, யாரைப் பற்றிப் பேச்சோ அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. வந்திருப்பவர்கள் பெரும்பாலும் அடுத்துப் பேசப் போகிறவர்கள். ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொள்வதால் கணக்கும் நேராகிவிடும்.

அந்தக் கூட்டத்தில் கூலியை ஒழுங்காக வாங்குகிறவர் ஒருவர்தான், மைக் செட்காரர். பாதிப் பணம் கைக்கு வராமல் ஒயரைப் பிரிக்க மாட்டார். போலீஸ் அனுமதி பத்து மணி வரை என்றால் பத்தரைக்கு ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுவார், உலக முதலாளித்துவம் எந்த நெருக்கடியில் இருந்தாலும் சரி. போன கூட்டத்தில் செயலாளர் அவரிடம் பேரம் பேசிப் பார்த்தார். கல்யாண வீட்டுக்கு வாங்குகிறதைவிடக் கூடக் கேட்கிறாரே என்று அவருக்கு வருத்தம். “பாட்டுக் கச்சேரின்னா ஒம்பதரைக்குக் கலைஞ்சிரும் அண்ணாச்சி. பொருளாதாரம்னு போட்டுட்டா நீங்க ஆளாளுக்கு ரெண்டு மணி நேரம் இழுப்பிய. அதுக்குத் தனி ரேட்டு” என்றார் அவர். செயலாளர் மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தார்.