மீன்தொட்டி சாஸ்திரத்தில் நீரில்லாக் காண்டம்

மீன் வளர்ப்பதற்கென்று கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கிவந்து, அதன் அடியில் மண் பரப்பி, மண்ணில் செடி நட்டு, அதன்பின் ஒன்றரை மாத காலம் அதில் நீரே நிரப்பாமல் வைத்திருப்பவனை உலகம் எவ்வாறு கருதும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. எனினும், அவன் செய்வதே சாஸ்திரோக்தமான காரியம் என்பதையும், அச்சாஸ்திரம் நேற்றுத்தான் கடல் கடந்து வந்ததுபோலத் தோன்றினாலும் நம் ஏரிக்கரைகளில் நெடுங்காலமாக அநுஷ்டானத்தில் இருந்துவருவதே என்பதையும், இதனை ஆராய்வதற்குச் செஞ்சியைப் போலத் தகுதி வாய்ந்த ஊர் வேறில்லை என்பதையும் நிலைநாட்டுவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

க்ஷேத்திர மகிமையை முதலில் கூறுவது மரபு. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் செல்வோருக்கு இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும், வீடு கட்டக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பிறகு யாரும் கேட்க வராத கற்குவியல்களாகவே தோன்றும். அப்பாறைகள் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் உமிழ்வன. இத்தகைய இடத்தில் கோட்டை கட்டியவர்கள் மதிலுக்கு முன்பே தண்ணீரைப் பற்றிச் சிந்தித்திருக்க வேண்டும் என்பது அநுமானம். சுமார் 800 அடி உயரமுள்ள இராஜகிரியின் உச்சியிலும் சுனை உண்டு என்பதும், அடிவாரத்தில் சக்கரக்குளமும் செட்டிக்குளமும் இருப்பதும், கல்யாண மகாலுக்குச் சுட்ட மண்குழாய்களின் வழியே நீர் கொண்டுவந்தார்கள் என்பதும் அதற்குப் பிரத்தியக்ஷச் சான்றுகள். ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. அதற்குள் உள்ளே இருந்த மராட்டிய மன்னர் இராஜாராம் தப்பி வெளியேறிவிட்டார். இவ்வளவு காலம் பிடித்ததற்கு, தளபதியே முழு மனத்தோடு போரிடவில்லை என்பது உட்பட, சரித்திராசிரியர்கள் பல காரணங்கள் கூறுவர். நம் சாஸ்திரத்துக்கு வேண்டிய காரணம் ஒன்றுதான்: உள்ளே இருந்தவர்களுக்குத் தண்ணீர் இருந்தது. நீருள்ள கோட்டை ஏழாண்டுக்கு மேல் தாங்கியதென்றால் நீரில்லாத தொட்டி ஏழு வாரம் தாங்காதா என்று வாதிப்பது தர்க்கத்துக்குச் சிறிது முரணானதே; ஆயினும் செஞ்சியில் உட்கார்ந்து எழுதுபவனுக்கு இயல்பாக வரும் வாதம் அதுதான்.

இனிக் கிரியா பாகம். ‘அக்வா சாயில்’ என்று பையில் அடைத்து விற்கும் மண்ணுருண்டைகளை, முன்புறம் இரண்டு அங்குலமும் பின்புறம் அதனினும் உயரமுமாகச் சரித்துப் பரப்பி, மண் முழுவதும் நனையும் வரையில் நீர் வார்த்து, நீர்மட்டம் மண்ணின் மேற்பரப்பைத் தொடாமல் சற்றே தாழ நிற்கும்படி செய்ய வேண்டும். பக்கக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால், நீரில் ஊறிய மண்ணின் கருமையும் அதற்குமேல் ஈரம் மட்டும் ஏறிய மண்ணின் பழுப்பும் சந்திக்கும் கோடு தெளிவாகத் தெரியும். இந்தக் கோடு நாளுக்கு நாள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே இவ்வித்தையில் பாதி. பிறகு மான்ட்டி கார்லோ, குளோசோஸ்டிக்மா, குட்டைக் கோரை முதலிய, தரையோடு தரையாய்ப் படரும் செடிகளை வாங்க வேண்டும். இவை இக்காலத்தில் சிறு கிண்ணங்களில், கஞ்சி போன்ற கூழில் பதித்து வருகின்றன. அக்கூழில் சர்க்கரை உண்டாதலால் அதை வேரிலிருந்து முற்றும் கழுவாமல் நடுபவன் செடிக்குப் பதிலாகப் பூஞ்சையைப் பயிரிட்டவன் ஆவான். கழுவிய செடியை நகக்கண் அளவு பிய்த்து, இடுக்கியால் அங்குலத்துக்கு ஒன்றாக மண்ணில் புதைத்து, இஸ்திரி போடுபவர் துணிக்குத் தெளிக்கும் புட்டியைப் போன்ற ஒன்றினால் நீர் தெளித்து, தொட்டியின் வாயைச் சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, நாள்தோறும் 10 முதல் 12 மணி நேரம் விளக்கெரித்து, 4 முதல் 8 வாரம் காத்திருக்க வேண்டும். இவ்வளவே. காத்திருத்தலைத் தவிர இதில் கடினமானது எதுவும் இல்லை என்பதே இதன் கடினம்.

காரணம் யாது? நீரடியில் வாழும் செடிக்குப் பெரிய குறை கரியமில வாயுவே. அவ்வாயு நீரில் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. ஆகையால் புதிதாக நட்ட சிறு செடியை உடனே நீரில் அமிழ்த்துவது, சம்பளம் வராத மாதத்தில் ஒருவனைக் குடும்பஸ்தனாக்குவதற்கு ஒப்பாகும். காற்றில் இருக்கும்போது அது வேண்டுமளவு வாயுவை இலவசமாகப் பெற்று, வேரை மண்ணில் ஆழ ஊன்றிக்கொள்கிறது. மேலும், புதுமண்ணில் நீர் நிரப்பியவுடன் மண்ணிலிருந்து அம்மோனியா கரைந்து வெளிவர, அதையும் வெளிச்சத்தையும் கொண்டு பாசி செழிக்கும். நிற்கும் நீரே இல்லாத தொட்டியில் பாசிக்கு அந்த இடமில்லை. கொசுவுக்கும் இல்லை. டெங்குக் காய்ச்சல் காலத்தில் வீடு வீடாய் வந்து பூந்தொட்டித் தட்டு முதல் பழைய டயர் வரை கவிழ்த்துப் பார்க்கும் சுகாதாரப் பணியாளர்கள் மறுப்புச் சொல்லாமல் கடந்து செல்லும் மீன்தொட்டி இது ஒன்றே.

இனி, இம்முறை யாருடையது என்னும் வழக்கு. பூர்வபக்ஷிகள் கூறுவதாவது: இதைப் பிரசாரம் செய்து பரப்பியவர் டாம் பார் என்னும் அமெரிக்கர், மூடிய கண்ணாடிக்குள் ஈரம் தானே ஏறித் தானே இறங்கிச் செடியைக் காக்கும் என்னும் மூலதத்துவமோ, 1829-இல் லண்டனில் நதானியேல் வார்டு என்னும் வைத்தியர், அந்துப்பூச்சிக் கூட்டை வைத்து மூடிய புட்டிக்குள் பெரணி ஒன்று தானே முளைத்ததைக் கண்டதிலிருந்து பிறந்தது, அவர் பெயரால் வழங்கிய கண்ணாடிப் பெட்டிகளிலேதான் சீனத்துத் தேயிலை இந்தியாவுக்கு வந்தது, நம் நீலகிரிக்குச் சிங்கோனாவும் வந்தது, ஆகவே இது மேனாட்டு வித்தையே என்பதாம். இவ்வாதத்தில் உண்மை உண்டு, அடக்கந்தான் இல்லை. மூடி மேனாட்டது என்பதை ஒப்புக்கொள்ளலாம். மூடிக்குக் கீழே நடப்பது யாருடையது என்பதே கேள்வி.

இதற்குத் தக்க ஆப்தவாக்கியம், செஞ்சிக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு வீட்டின் திண்ணையில் கிடைத்தது. அவ்வீட்டிலுள்ள நண்பர் இத்தகைய தொட்டி ஒன்றை நட்டு, மூன்றாம் வாரத்தில் வேர்கள் கண்ணாடியைத் தொட்டு வெள்ளை நூலாக இறங்குவதை வருவோர்க்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் அனைவரும், படித்தவர் படியாதவர் என்னும் பேதமின்றி, “மீன் எங்கே?” என்ற ஒரே வினாவைக் கேட்டார்கள். முறம் இரவல் வாங்க வந்த பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் மட்டும் அதைக் கேட்கவில்லை.

“இன்னா தம்பி, தண்ணியே கட்டாம பயிரு வச்சிருக்கற?”

“அப்புறமாத்தான் கட்டணும், ஆயா. வேர் புடிக்கட்டும்னு விட்டிருக்கேன்.”

“அப்படிச் சொல்லு. புழுதி வெதப்பு.”

இவ்வளவு சொல்லிவிட்டு அவர் முறத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். டாம் பாரும் வார்டும் சேர்ந்து எழுப்பிய மாளிகை இச்சொற்களால் ஆட்டங்கண்டது என்றே கூற வேண்டும். காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கங்களிலும் இராமநாதபுரத்திலும் ஏரியை நம்பிய உழவர், ஏரி நிரம்பும் என்று கைகட்டிக் காத்திராமல், காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிடுவர். பயிர் சுமார் 40, 45 நாள் வரையில் பெய்கிற மழையைக் கொண்டு மானாவாரியாக வளரும். பிறகு ஏரி நிரம்பி மதகு திறந்ததும் வயலில் நீர் கட்டி, அதுமுதல் நன்செய்ப் பயிராக நடத்துவர். முதலில் புன்செய், பிறகு நன்செய். இடையில் ஆறு வாரம். கண்ணாடியும் மின்விளக்கும் நீங்கலாக வேறுபாடு ஒன்றும் காண்கிலேம்.

இலக்கியச் சான்றும் உண்டு. மூதுரையில் ஔவையார், வற்றிய குளத்தைவிட்டு நீங்கும் பறவைகளை உறவல்லார்க்கும், அக்குளத்திலேயே ஒட்டிக் கிடக்கும் கொட்டி, ஆம்பல், நெய்தலை உறவினர்க்கும் உவமையாக்கினார். அறநூலாகவே இதுகாறும் கற்பிக்கப்பட்டு வந்த அச்செய்யுள், நீரில்லாத சேற்றில் எந்தெந்த நீர்ச்செடி பிழைக்கும் என்னும் தேர்ந்த பட்டியலையும் உள்ளடக்கியது என்பதை உரையாசிரியர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் கூறிய கொட்டியின் இனத்தைச் சேர்ந்த கிழங்குகளைத்தான், உலர்ந்த நிலையில், மீன்கடைகளில் இன்று விலைக்கு விற்கிறார்கள். ஏரிக்கரையில் பறித்துக் கடைந்து உண்ணும் ஆரைக்கீரையும் இவ்வரிசையிற் சேர்ந்ததே. ஈரத்தரையில் நான்கு இதழாய் விரியும் இப்பெரணி, நீருள் அமிழ்ந்தால் பலவேளை ஒற்றை இதழோடு சிறுத்துவிடும். அதன் விதையுறையோ வறண்ட மண்ணில் பல்லாண்டு கிடந்தும் முளைக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் இதன் உறவை நூற்றுக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கும் செஞ்சிவாசிகள், உள்ளூர் ஆரையைக் கட்டு ஒன்று இன்ன விலை என்று பேரம் பேசுவர்.

மூடும் விஷயத்தில் இரு கட்சிகள் உண்டு. தாளைச் சிறிதும் திறவாமல் வாரக்கணக்கில் அடைத்து வைப்போர் ஒரு கட்சி. நாள்தோறும் சற்றுநேரம் திறந்து காற்றாட விடுவோர் மற்றொரு கட்சி. முன்னவரைப் பின்னவர் ‘பூரண மூடர்’ என்று சுருக்கி வழங்குவது நாகரிகமன்று. எனினும் அநுபவம் பின்னவர் பக்கமே சாய்கிறது. மூடிய காற்றில் நீர் தாளின் உட்புறம் திவலையாகக் கோத்து, கனத்தபின் ஒவ்வொன்றாய் விழுவது கண்ணுக்கினிய காட்சியே. ஆனால் இலைமேல் தேங்கும் நீரிலும், உள்ளே வைத்த மரக்கட்டையின் ஈரத்திலும், பஞ்சுபோன்ற வெள்ளைப் பூஞ்சை இரண்டு நாளில் படர்ந்துவிடும். கட்டையில் படர்வது பெரும்பாலும் தீங்கற்றது. செடியில் படர்ந்தால் அவ்விலைகளைக் கிள்ளி எறிந்து, தெளிப்பதைக் குறைத்து, மூடியைத் தளர்த்த வேண்டும். அன்றியும், எல்லாச் செடிக்கும் இம்முறை ஆகாது. வேலம்பாசி போலப் பிறவி முழுதும் நீருள்ளேயே கழிப்பவை காற்றில் சில நாழிகையில் துவண்டுவிடும். ‘மாஸ்’ எனப்படும் பாசியினங்களோ ஈரமிருந்தால் போதுமென்று எதற்கும் இசைந்து கொடுக்கும்.

காலம் பற்றிய விதி செஞ்சிக்கென்றே தனியாக வகுக்கத்தக்கது. நூல்கள் குறிப்பிடும் இதமான தட்பவெப்பம் இவ்வூரில் மார்கழி, தை மாதங்களில் நிலவுவது. சித்திரையில், மூடிய கண்ணாடிப் பெட்டியின்மேல் விளக்கையும் எரித்து வைப்பவன் கீரை வேகவைக்கிறான் என்பதில் ஐயமில்லை. கல் விஷயமோ பெரும் விசித்திரமானது. தொட்டிக்கு அழகூட்ட, சுண்ணாம்பு கலவாத கடினக் கல் வேண்டும். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும் கல்லில் சுண்ணாம்பு உண்டு. அது கரைந்து நீரைக் கடுமையாக்கும். கருங்கல் அவ்வாறு நுரைப்பதில்லை. அத்தகைய கருங்கல்லே மலை மலையாய்க் குவிந்த ஊரில் வாழ்வோர், சென்னைக் கொளத்தூரின் மீன்சந்தைக்குச் சென்று, கிலோ இவ்வளவு என்று கல் வாங்கிப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். கோட்டைக் கல்லைத் தொடுவதற்கில்லை என்பது உண்மைதான். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அக்கோட்டை, மராட்டியப் போர்க்கோட்டைகளின் வரிசையில் 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆனால் கோட்டைக்கு வெளியே தத்தம் கொல்லையில் கிடக்கும் கல்லுக்கு யுனெஸ்கோ பொறுப்பன்று.

நீர் நிரப்பும் நாளே இக்காண்டத்தின் உச்சம். செடி மண்ணை முழுதும் மூடிப் பாய்போலான பின்பே நிரப்ப வேண்டும் என்பது விதி; இடையில் மனம் பொறாமல் நிரப்புவோர் பலர். 1714-இல், ஆர்க்காட்டுப் படையை எதிர்க்கப் புறப்பட்ட தேசிங்கு ராஜா, வெள்ளம் புரண்ட ஆற்றை வடியும்வரை காத்திராமல் குதிரையோடு கடந்தான் என்று மக்கள் பாடும் கதைப்பாட்டு, வீரத்துக்கு எடுத்துக்காட்டாகலாம், தொட்டிக்கு ஆகாது. மண்மேல் தட்டு ஒன்றை வைத்து, அதன்மேல் சன்னமாக, ஒரு மணி நேரமானாலும் ஆகட்டுமென்று வார்க்க வேண்டும். வாளியோடு கவிழ்த்தால் ஆறு வாரத்துத் தரை மிதந்து எழும். அன்று முதல் வாரம் முழுதும் நாளுக்குப் பாதி நீரை மாற்றுவதும், கரியமில வாயுவைத் தனியே ஊட்டுவதும் நன்று. ஏனெனில், காற்றில் தடித்த தோலோடு வளர்ந்த இலைகள் நீருள் பயன்படாமல் பழுத்துக் கரையும். அவற்றினிடையே மெல்லிய புதிய இலைகள் தோன்றும் வரையில் வீட்டாரின் முகத்தைப் பார்க்காமலிருப்பது நலம். வேர் இருக்கிறதாதலால் செடி சாகாது.

மீன் விடுவது, அம்மோனியா அடியோடு அடங்கிவிட்டது என்று சோதித்து அறிந்த பின்பே. நெல்லறுத்தபின் மாட்டை விடுவது போன்றதாகிய அச்சடங்கை இச்சாஸ்திரம் விதிக்கவுமில்லை, விலக்கவுமில்லை. தங்கமீனை மட்டும் விலக்குகிறது. அது மண்ணைக் கிளறும், வேரைப் பெயர்க்கும், இளந்தளிரைத் தின்னும். அரைநாள் போதும் அதற்கு. கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவதும், குழந்தைகள் முதலில் கைநீட்டிக் கேட்பதும், விலையிலே மலிவானதும் அதுவே.