கடன் எம்மாங்? அடுப்பு எத்தினி?

குந்து தம்பி. வேர்வையத் தொடச்சிக்கோ. காலாப்பட்டு யுனிவர்சிட்டியிலேருந்து வர்றியா? சந்தோசம். "வளரும் நாடுகளின் பொருளாதார, வேளாண்மை, எரிசக்திச் சவால்கள்." இதானே உன் தலைப்பு? அடேங்கப்பா! நாடு, கழனி, அடுப்பு மூணையும் ஒரே வாட்டியில முடிச்சிப்புடுவ போலகீதே. எங்க பாட்டன் பூட்டன்லாம் ஒரு ஏரு ஓட்டியே ஆயுச முடிச்சிட்டாங்க.

கேள்வித்தாளக் காட்டு. இன்னாடா இம்மாந் தடி? மொதக் கட்டத்துலயே மாட்டிக்குவ பாரு. "மாநிலம்"னு போட்டிருக்க. என் வூடு புதுச்சேரி. வரப்பத் தாண்டுனா என் கழனி தமிழ்நாடு. வில்லியனூரு, பாகூரு பக்கம் வந்து பாரு, நெறைய பேரு இப்டித்தான். இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் கோடு கிழிச்சப்ப எங்க வூட்டு எருமைய ஒரு வார்த்த கேக்கல. நீ எந்தக் கட்டத்துல டிக் அடிப்ப?

சரி, வுடு. கேள்வி கேக்க நீதான் மொதமொதல்ல வந்தவன்னு நெனைச்சிட்டியா? விழுப்புரம் தாண்டி திருச்சி ரோட்டுல இருவேல்பட்டுன்னு ஒரு ஊரு. 1916ல மெட்ராஸ் யுனிவர்சிட்டியில பொருளாதாரம் சொல்லிக்குடுத்த கில்பர்ட் ஸ்லேட்டரு, பசங்கள வுட்டு கிராமக் கணக்கு எடுத்தாரு. அதுல ஒண்ணு இந்த இருவேல்பட்டு. 1918ல புஸ்தகமும் வந்துச்சு. அதோட வுட்டாங்களா? 1936-37ல தாமஸும் ராமகிருஷ்ணனும். 1981ல குகனும் ஜோன் மென்ச்சர் அம்மாவும். 2008ல ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ். தாத்தனக் கேட்டாச்சு, அப்பனக் கேட்டாச்சு, பேரனையும் கேட்டாச்சு.

தப்புன்னு சொல்லல. பண்ணைக்காரன் பிடி தளந்தது, கூலிக்காரன் கழனிய வுட்டு வெளிவேலைக்குப் போனது, எல்லாத்தையும் நூறு வருசத்துக்கு எழுதி வெச்ச ஊரு உலகத்துல எத்தினி கீது சொல்லு? பெரிய வேலதான். ஆனா 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் வெள்ளம் வந்துச்சே, அப்ப அதே இருவேல்பட்டுல, பாக்க வந்த அமைச்சர் மேல சனம் சேத்த வாரி அடிச்சுது. ஊரே பேப்பர்ல படிச்சுது. அந்த ஆத்திரத்துக்கு எந்தக் கணக்குலயும் கட்டம் போட்டு வெக்கலையாட்டங்கீது.

நம்ம புதுச்சேரியவே எடுத்துக்கோ. 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக்காரன் சாவியக் குடுத்தான். நாம அப்பாடான்னு குந்துறதுக்குள்ள, 1955 மார்ச்சுல செயிண்ட் லூயி வீதியில பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டத் தொறந்துட்டான். ஆண்டவன் போனான், படிக்கிறவன் வந்தான். மொதல்ல ஓலைச்சுவடியப் படிச்சாங்க. காட்டு மரத்துக்கு மேப்பு போட்டாங்க. அப்புறம் எங்க கடனப் படிக்க ஆரம்பிச்சாங்க. சுவடியவிட அதுதான் நீளம், அது அவங்களுக்கே தெரிஞ்சிபோச்சு.

2010ல கடலூரு, விழுப்புரம் பக்கம் 10 ஊர்ல 405 குடும்பத்தக் கேட்டாங்க. யாருகிட்ட வாங்கின? எதுக்கு வாங்கின? எம்மாம் வட்டி? இசபெல் கெரேன்னு ஒரு பிரெஞ்சு அம்மா, கூட நம்ம ஊரு ஆளுங்க. இன்னா தெரிஞ்சுது? ஏழை ஒரு எடத்துல வாங்கி இன்னோரு எடத்துல அடைக்கிறான். குழுக் கடன எடுத்து வட்டிக்காரனுக்குக் குடுக்குறான். நகைய வெச்சுக் குழுத் தவணைய கட்டுறான். எங்க ஆயாவக் கேட்டிருந்தா வெத்தலைய மென்னுக்கினே சொல்லியிருக்கும், பைசா செலவில்லாம.

சிரிக்காத, மீதியக் கேளு. ஆயா சொன்னா பேங்க்காரன் காதுல ஏறுமா? குழுக்கடன் குடுத்தா பொம்பளைங்க எல்லாம் மொதலாளி ஆயிடுவாங்கன்னு ஊரு உலகமே தாளம் போட்டுக்கினு இருந்துச்சு. இல்லைங்க, பழைய கடனுக்கும் கண்ணாலத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் ஓடுதுன்னு அச்சுல ஏத்த ஒரு ஆளு வேணும் இல்ல? 2016ல திரும்பி வந்து கேட்டுக்கினு இருக்கிறப்ப, நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. ஊருக்கு இடி, ஆராய்ச்சிக்காரனுக்கு லாட்டரி. கொஞ்சம் வூட்ட முன்னாடி கேட்டிருந்தாங்க, மீதிய பின்னாடி கேட்டாங்க. அந்த மாசத்துல சனத்தத் தாங்குனது பேங்கா? செல்போனா? ஒண்ணியும் இல்ல. கணக்குல எழுதிக்கிற மளிகைக்கடைக்காரரு, மாமன், மச்சான். அதுவும் ஆளுபலம் உள்ளவனுக்கு. இல்லாதவன் பாடு திண்டாட்டம். இத எழுதி வெச்சாங்க பாரு, அதுக்கு ஒரு கும்பிடு.

ஆனா எல்லா ஆராய்ச்சியும் இப்டி நடக்குதுன்னு நம்பிடாத. நடவு நடக்குற எடத்துக்கு ஒரு பையன் வந்தான், எங்கேருந்துன்னு கேக்காத. "கடந்த 365 நாள்ல எத்தினி நாள் விவசாயக் கூலி?"ன்றான். அந்தப் பொம்பள இடுப்ப நிமித்துறா, கையில நாத்துமுடி, முட்டி வரைக்கும் சேறு. "நடவு இப்பத்தாம்பா. அதுக்கு முன்ன களை. நடுவுல எங்க நாத்தனா வூட்டுச் சாவு." சாவ எந்தக் கட்டத்துல போடுறதுன்னு பையன் முழிக்கிறான். அந்தாண்ட மேஸ்திரி கத்துறான். "நூறுன்னு போட்டுக்கோ கண்ணு"ன்னுட்டு அவ குனிஞ்சிட்டா. அந்த நூறுக்குப் பின்னால எத்தினி புள்ளி வெச்சு, எத்தினி சராசரி எடுத்து, எந்த ஊரு மாநாட்டுல படிச்சாங்களோ!

இத நான் சொன்னா கெழவன் ஒளர்றான்னுவ. ராபர்ட் சேம்பர்ஸே சொல்லியிருக்காரு. 1973-74ல வட ஆற்காட்டுல புது நெல்லு வந்தப்ப ஆராய்ச்சி பண்ண கேம்பிரிட்ஜ் கூட்டத்துல இருந்தவரு. 1983ல எழுதுன புஸ்தகத்துல உள்ளத ஒடைச்சிட்டாரு. படிச்சவன் தார் ரோடு போற வரைக்கும்தான் போவான். மழைக்காலத்துல வரமாட்டான். வசதிக்காரனக் கேப்பான், ஆம்பளையக் கேப்பான், கெளம்பிடுவான். தங்க மனுசன்!

இந்த நோவுக்கு ஒரு மருந்தும் கெளம்புச்சு. சனத்த வட்டமா குந்தவெச்சு, கோலமாவக் குடுத்து, ஊர்ப்படம் போடச் சொல்றது. எங்க தெருவுலயும் நடந்துச்சு. பொம்பளைங்க ஜோராப் போட்டாங்க. கொளம், கோயில், ரேஷன் கடை, சுடுகாடு. தலைவரு வூடு மட்டும் கோயிலவிடப் பெருசா வந்துபோச்சு. ஏன்னு வந்தவங்க கேட்டாங்க. "தலைவரு இங்கியே நிக்கிறாரே"ன்னுச்சு ஒரு கெழவி. படம் புடிச்சிக்கினு ஜீப் ஏறிட்டாங்க. சாயந்தரம் ஆடு வந்து ஊரையே நக்கிட்டுப் போச்சு.

அடுப்புக்கு வா. எரிசக்தின்னு போட்டிருக்கியே, அது எங்க வூட்டுல அடுப்புதான். 1983லேருந்து 2002 வரைக்கும் புகையில்லா அடுப்புன்னு சர்க்காரு நாடு பூரா கட்டுச்சு. கட்டுனத எண்ணுனாங்க. எரியுதான்னு யாரு எண்ணுனா? எஸ்தர் டுஃப்ளோ தெரியுமில்ல, பாரிஸ்ல பொறந்தவங்க, 2019ல அபிஜித் பானர்ஜி, மைக்கேல் கிரேமர்கூட நோபல் வாங்குனாங்களே, அவங்களும் கூட்டாளிங்களும் எண்ணுனாங்க. ஒடிசாவுல இந்த மாதிரி அடுப்பக் குடுத்துட்டு, 4 வருசம் பின்னாலயே போயிப் பாத்தாங்க. மொத வருசம் பொகை கொறஞ்சுது. அப்புறம் பூசறதுக்கு ஆளில்ல, பராமரிப்பு இல்ல, சனம் பழைய அடுப்புக்கே திரும்பிடுச்சு. கடைசியில ஒடம்புக்கும் ஒண்ணியும் ஆவல, வெறகும் மிச்சமாவல. சோதனைச் சாலையில அடுப்பு நல்லாத்தான் எரிஞ்சுதாம். எரியாதா பின்ன? அங்க மழையில நனைஞ்ச முள்ளுவெறகும், பள்ளிக்கொடத்துக்கு நேரமாச்சுன்னு கத்துற புள்ளைங்களும் ஏது?

கரண்டு கதை இன்னும் மோசம். 1990லேருந்து தமிழ்நாட்டுல பம்புசெட்டுக்குக் காசில்ல. காசில்லாத மோட்டார எவன் நிறுத்துவான்? நீ நிறுத்துவியா? போர் ஆழமாச்சு. கடலோரத்துல தண்ணி கரிச்சுது. ஏரிக்கரைக்கு மம்முட்டியோட வர்ற ஆளு கொறஞ்சான். அப்புறம் 1999ல ஐரோப்பாக்காரன் காசு வாங்கி, புதுச்சேரி ஏரிங்க 84ஐயும் சீர் பண்ணக் கெளம்புனாங்க. கரண்டு, தண்ணி, கடன் மூணும் எங்களுக்கு ஒரே கெணத்துக்குள்ள கெடக்குது. உங்க யுனிவர்சிட்டியில மூணுக்கும் மூணு கட்டடம். ஒருத்தர் மொகம் இன்னொருத்தருக்குத் தெரியுமா?

கேலி போதும், வேல செஞ்ச கதையும் ஒண்ணு கீது. 1998ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாக்காரன் உதவியில, வில்லியனூர நடுவுல வெச்சு ஊரூரா கம்ப்யூட்டர் மையம் தொறந்தாங்க. ஏம்பலத்துல கோயில் எடத்துலயே வெச்சாங்க, பொம்பளைங்க நடத்துனாங்க. கரண்டு நிக்காதுன்னு தெரியும், அதனால சோலார் தகடு. போன் லைன நம்ப முடியாது, அதனால ரேடியோ. ஊரப் பாத்து சாமானு வெச்சாங்க, சாமானப் பாத்து ஊரத் திருத்தல. அங்கதான் புத்தி வேல செஞ்சுது.

வீராம்பட்டினத்து மீன்காரனுக்கு ஜிடிபி எதுக்கு? அவன் கேள்வி ஒண்ணே ஒண்ணு: நாளைக்கு அலை எம்மாம் ஒசரம்? அமெரிக்கக் கடற்படை வெப்சைட்டுலேருந்து கணக்க எறக்கி, தெனம் லவுட்ஸ்பீக்கர்ல சொன்னாங்க. போர்க்கப்பலுக்குப் போட்ட கணக்குல எங்காளு கட்டுமரம் வுட்டான். இதவிட நல்ல ஆராய்ச்சி உதவி அமெரிக்காக்காரன் எவனுக்கும் பண்ணியிருக்கமாட்டான், அதுவும் அவனுக்கே தெரியாம!

2004 டிசம்பர் 26. நல்லவாடுன்ற ஊருப் பையன் ஒருத்தன், அங்க இருந்த இதே மாதிரி மையத்துல தொண்டு செஞ்சவன், சிங்கப்பூர்ல வேலையில இருக்கான். டிவியில சுனாமியப் பாக்குறான். வூட்டுக்குப் போன் அடிக்கிறான், ஓடுங்கன்றான். ஊர்க்காரங்க கலெக்டருக்கு மனு எழுதல. மையத்து லவுட்ஸ்பீக்கர எடுத்து ஊரு பூரா கத்துனாங்க. 3,600 சொச்சம் சனம் மேட்டுக்கு ஓடுச்சு. படகு போச்சு, வூடு போச்சு, உசுரு போவல. அந்த லவுட்ஸ்பீக்கர் வாங்குறப்ப திட்ட அறிக்கையில "சுனாமி"ன்னு எவனாச்சும் எழுதியிருப்பானா? ஊரு தெனம் தொட்டுப் பொழங்குன சாமானு, அதான் அவசரத்துக்குக் கைக்கு வந்துச்சு.

அதனால உன் தாள்ல ஒரு பக்கம் காலியா வுடு. ஊரு கேக்குறத எழுத. எங்க கேள்விய இப்பவே எழுதிக்கோ: மோட்டாருக்கு மும்முனைக் கரண்டு ராத்திரி எத்தினி மணிக்கு வரும்னு, சாயந்தரமே எங்களுக்கு யாராச்சும் சொல்ல முடியுமா? பேட்டரி லைட்டு ஒரு கையில, பாம்புக்குக் கம்பு ஒரு கையில, வரப்புல குந்திக்கினு விடிய விடிய பல்பையே பாத்துக்கினு கெடக்குறோம். இதுக்கு நோபல்லாம் வேணாம், ஒரு எஸ்எம்எஸ் போதும்.

எழுதிக்கினியா? எழுத்தப் பெருசாப் போடு. அதுக்குப் பதில் கொண்டாந்தா உன் அம்மாங் கேள்விக்கும் பொறுமையா பதில் சொல்றேன். ஐப்பசியில வா, அடைமழையில. தார் ரோடு முடியிற எடத்துல வண்டிய வுட்டுட்டு, செருப்பக் கையில எடுத்துக்கோ.