நாலு எட்டு நடந்து பாருங்க சார்

இடது கால் சுண்டுவிரலில் வந்த கொப்புளம் இன்னும் உடையவில்லை. அந்தக் காலைத் தூக்கி முக்காலியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், ஆகவே நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். நடைப்பயிற்சிக்கு ஏற்ற காலணியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று உருப்படியாக மூன்று விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் அந்தக் கடைப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை.

தங்கமான பையன். பெட்டியைத் திறந்து, உள்ளே திணித்திருந்த காகிதத்தை உருவி, லேஸைத் தளர்த்தி, மண்டியிட்டு என் காலில் ஷூவை மாட்டிவிட்டான். என் பிள்ளை எனக்குச் செய்யாத பணிவிடை. பிறகு நிமிர்ந்து, “நாலு எட்டு நடந்து பாருங்க சார்” என்றான்.

செருப்புக் கடையில் நடக்கிற மாதிரி மனிதன் வேறெங்கும் நடப்பதில்லை. எழுந்து நின்றதுமே முகம் மாறிவிடுகிறது. கச்சேரியில் இது கரகரப்பிரியாவா ரீதிகௌளையா என்று தடுமாறுகிறவரைப் போலக் கண் மேலே சொருகுகிறது. குதிகாலால் தரையை இரண்டு தட்டு தட்டுகிறோம். எதற்கென்று யாருக்கும் தெரியாது, ஆனால் தட்டாமல் கிளம்பியவனை நான் பார்த்ததில்லை. பையன் குனிந்து ஷூவின் முனையை அமுக்கி, “விரல் இங்க இருக்கு சார்” என்கிறான். என் விரல் எங்கே இருக்கிறது என்று எனக்கே தகவல்.

பிறகு புறப்பாடு. ஒரு காலில்தான் புது ஷூ. ஜோடியின் மற்றொன்று குடோனிலிருந்து வரவேண்டும். மறு காலில் நம்முடைய பழைய செருப்பு. ஆகவே ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து, சப்பரம் மாதிரி ஆடிக்கொண்டு போகிறோம். கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. தெருவில் தானாக வீசுகிற கை, கடைக்குள் வந்ததும் கேள்வி கேட்கிறது. பின்னால் கட்டினால் மேற்பார்வைக்கு வந்த அதிகாரி போலிருக்கிறது. தொங்கவிட்டால் ஏதோ குற்றம் செய்தவன் போலிருக்கிறது. எதிரே இன்னொருவர் இதே கோலத்தில் வருகிறார். இருவரும் பார்த்தும் பாராமல் ஒதுங்குகிறோம். சுவர் வந்துவிடுகிறது. திரும்ப வேண்டும். திரும்பும்போது முன்பாதத்தில் ஊன்றி ஒரு சின்ன அமுக்கல், அதுவும் சோதனையில் சேர்த்தி.

அப்புறம் கண்ணாடி. முழங்காலுக்குக் கீழே மட்டும் காட்டுகிற கண்ணாடி. அதன் முன் பக்கவாட்டில் நிற்கிறோம். பாதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறோம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு இருட்டில் நடக்கப்போகிறவனுக்குப் பின்பக்க அழகு எதற்கு? ஆனாலும் பார்க்கிறோம். கீழே ஏசி குளிர்ந்த வழவழத் தரை, அதன்மேல் விரிப்பு. கேபிளுக்குத் தோண்டிய பள்ளமில்லை, பெயர்ந்த நடைபாதைக் கல்லில்லை, துரத்துகிற நாயில்லை. அந்தத் தரையில் வெறுங்காலோடு போனாலே சுகமாகத்தான் இருக்கும். மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடி, “கலர் எடுப்பா இருக்கு” என்று தீர்ப்புச் சொல்கிறாள். கால் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதை யாரும் கேட்கவுமில்லை.

நான் கேட்டேன். “ஓரத்துல பிடிக்குதேப்பா.”

“போகப் போக லூசாயிடும் சார்.”

“ஒரு சைஸ் பெரிசு குடு.”

“அது உங்களுக்கு லூசா இருக்கும் சார்.”

அதாவது ஸ்டாக் இல்லை. சரி, வெளியே டீக்கடை வரை போய்விட்டு வருகிறேன், நாலு எட்டில் ஒன்றும் தெரியாது, குத்துகிற ஷூ நானூறாவது எட்டில்தான் குத்த ஆரம்பிக்கும் என்றேன். பையன் வாசலில் நின்ற செக்யூரிட்டியைப் பார்த்தான். வேண்டுமானால் என் செருப்பை அடமானமாக வைத்துக்கொள் என்றேன். என் செருப்பைப் பார்த்தான். அந்தப் பார்வைக்குக் கூச்சப்பட்டுத்தான் பில் போடச் சொன்னேன்.

என் சைஸ் எட்டு. இந்த எட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிலாந்தில் ஒரு பார்லி மணியின் நீளம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தார்கள். ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம், சுமார் எட்டரை மில்லிமீட்டர். நமக்கு பார்லி என்றால் நீர்க்கடுப்புக்குக் கொதிக்கவைத்துக் குடிப்பது. அதை வைத்து நம் காலை அளந்துகொண்டிருக்கிறார்கள். அதுவும் நீளத்தை மட்டும். அகலத்துக்கு நம் கடைகளில் எண்ணே கிடையாது. அகலத்துக்காக அடுத்த சைஸுக்குப் போனால் குதிகால் உள்ளே வழுக்கி வேறு இடத்தில் கொப்புளம். அந்தக் காலத்தில் தெருமுனையில் செருப்புத் தைக்கிறவர் நாளிதழை விரித்து, அதன்மேல் காலை வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்துகொள்வார். சுண்டுவிரல் எங்கே பிதுங்குகிறது என்பது காகிதத்தில் இருக்கும்.

நம் பாதம் முன்பக்கம் அகலம் என்பது என் புலம்பல் மட்டுமில்லை. அடையாறிலிருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் கால்களை முப்பரிமாணக் கருவியில் அளந்து இதையேதான் சொன்னது. ‘பா’ என்ற பெயரில் இந்தியக் காலுக்கென்று ஓர் அளவுமுறையும் பரிந்துரைத்தார்கள். பாரதத்தின் பா. அது என் சுண்டுவிரல் வரை வந்து சேரவில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம் ஆட்கள் தைக்கிற ஷூ வெள்ளைக்காரன் காலில் அளவெடுத்த மாதிரி உட்காருகிறது. நமக்கு மட்டும் போகப் போக லூசாகும்.

அந்த மூன்று விஷயம். ஒன்று, சாயங்காலம் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று நடந்து கால் சற்று வீங்கியிருக்கும், காலையில் பொருந்துவது மாலையில் கடிக்கும். இரண்டு, இரண்டு காலும் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்பதில்லை, பெரிய காலுக்குப் பார்த்து…

இதை எழுதும்போதே பூங்கா நண்பர் ஒருவர் போன் செய்தார். ஷூவே கூடாதாம். கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு எட்டு வடிவத்தில் நடந்தால் சர்க்கரை இறங்கிவிடுமாம், வாட்ஸப்பில் வந்ததாம். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு சுற்றிவிட்டு வருகிறவர், அவரிடம் பேச முடியாது. மறுநாள் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு முனகுவதை அவர் வாட்ஸப்பில் போடுவதில்லை.

கால் விஷயத்தில் எனக்குப் பிடித்த மனிதர் பால் பிராண்ட். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர், வேலூர் சி.எம்.சி.யில் அறுவைச் சிகிச்சை நிபுணர். தொழுநோயாளிகளின் காலில் புண் வருவது சதை தானாக அழுகுவதால் அல்ல, வலி தெரியாமல் நடந்துகொண்டே இருப்பதால்தான் என்று எடுத்துக்காட்டியவர். வலி ஒரு வரம் என்பது அவர் கட்சி. மரத்துப்போன காலுக்கு எது தோது என்று அவரும் உடனிருந்தவர்களும் விதவிதமான செருப்புகளைச் சோதித்துப் பார்த்தார்கள். இன்று சர்க்கரைக்காரர்களுக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு அந்த வம்சம்தான். மெத்தென்ற ரப்பர், அகலமான முன்பக்கம், இறுக்கவும் தளர்த்தவும் ஒட்டுப்பட்டை. கால் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கலாம், ஷூவுக்காகத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியதில்லை. அழகுக்கு மட்டும் பூஜ்ஜியம்.

அதில் ஒரு ஜோடி வாங்கிவிடலாமென்று நேற்று ராத்திரி சொன்னேன்.

“அதெல்லாம் நோயாளிங்க போடறது” என்றாள் மனைவி. “அதை மாட்டிக்கிட்டு சம்பந்தி வீட்டுக்கு வருவீங்களா?”

சம்பந்தி வீட்டில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும் என்றேன். அங்கேதான் எல்லாரும் பார்ப்பார்களாம்.