சில்லறை இல்லாத அங்கிள்

"ஹேப்பி தீபாவளி, அங்கிள்!" என்று ஏழெட்டுப் பிள்ளைகள் கேட்டருகே வந்து கத்தும்போதுதான் இவருக்கு அன்று தீபாவளி என்பதே உறைக்கும். கை முதலில் சட்டைப் பைக்குப் போகும். பிறகு ஜிப்பாவின் இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடியும் சட்டைப் பை. போன தடவை இல்லாத காசு அதற்குள் முளைத்திருக்குமோ என்ற நப்பாசை போலிருக்கும். "ஏம்மா, சில்லறை இருக்கா?" என்று உள்ளே குரல் போகும், பதில் வருவதற்குள் "இல்லையாம்" என்று இவரே சொல்லிவிடுவார். கடைசியில் பர்ஸைத் திறந்து ஒரே ஒரு 50 வெள்ளி நோட்டை எடுத்து, கள்ள நோட்டைச் சோதிப்பவர்போல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். "பாரு தம்பி, அம்பதாத்தான் இருக்கு. சாயங்காலம் வாங்க." சாயங்காலம் கேட் பூட்டியிருக்கும், காடியும் இருக்காது.

இதை மறதி என்று மன்னிப்பவர்கள் உண்டு. அமெரிக்கப் பிள்ளைகளின் ஹாலோவீன்போல் தீபாவளிக்கு நிலையான தேதி இல்லைதான்: 2023இல் நவம்பர் 12, 2024இல் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. ஆனால் பொது விடுமுறை நாள்காட்டியில் சிவப்பாக அச்சாகி, வருஷம் முழுக்க இவர் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. ஆட்டிறைச்சிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க மறக்காதவர்; ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஜிப்பாவுக்குப் பேரம் பேச மறக்காதவர். பேங்க் இலவசமாகக் கொடுத்த, பிள்ளைகளுக்குக் காசு வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறைகூட மேசை இழுப்பறையில் இருக்கிறது, ஆணியும் திருகாணியும் போட்டு வைக்க. இத்தனையும் நினைவிருந்து சில்லறை மட்டும் வருஷா வருஷம் மறக்கிறது என்றால், அதற்குப் பெயர் மறதியல்ல, ஏற்பாடு. அந்த 50 வெள்ளியை முதல் நாளே ஒற்றை வெள்ளி நோட்டுகளாக மாற்றியிருந்தால், தலைக்கு 2 வெள்ளி வீதம் 25 பிள்ளைகளுக்குச் சரியாக இருந்திருக்கும். இவர் தூக்கிக் காட்டுவது இல்லாமைக்குச் சாட்சியல்ல, இருப்புக்குச் சாட்சி.

"அங்பாவ் சீனர் பழக்கம், நமக்கெதற்கு?" என்று வாதாடுவார். வாஸ்தவம், அவர்களிடமிருந்து வந்ததுதான். மலாய்க்காரர் அதைப் பச்சை உறையாக்கிப் பெருநாளுக்குக் கொடுக்கிறார்கள், நாம் ஊதா உறையாக்கிக்கொண்டோம். ஆனால் சீனப் புத்தாண்டுக்குச் சீன முதலாளி நீட்டும் சிவப்பு உறையை வாங்கும்போது இவருக்குப் பண்பாட்டுக் கவலை வருவதில்லை. உறை வருவதற்கு முன்பே சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பலகாரத் தட்டு லயம் லயமாகப் போய்வந்தது. எந்தக் கதவும் "மாத்தின முறுக்கு இல்லை" என்று சொன்னதில்லை. விலைவாசியைச் சொன்னால் மட்டும் நியாயம் உண்டு. அதற்கும் வழி இருக்கிறது: ஒரு வெள்ளி போதும், அதுவும் முடியாவிட்டால் ஒரு கைப்பிடி புந்தோங் கச்சான் பூத்தே தீனி போதும். ஹாலோவீன் அன்று அமெரிக்கப் பிள்ளைகள் மிட்டாய் தராவிட்டால் குறும்பு செய்வோம் என்றாவது மிரட்டுகிறார்கள். நம் பிள்ளைகள் "பரவால்ல அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த நல்ல குணந்தான் இவருக்குத் தைரியம் கொடுக்கிறது.

பாவம், இவரும் ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, கை நீட்டி வாங்கித் தின்று, தோட்டம் செம்பனையானதும் தாமானுக்குக் குடிவந்தவர்தான். வெறுங்கையை எப்படி நீட்டுவது என்று நன்றாகத் தெரியும். அதைத் திருப்பிப் பிடிக்கத்தான் வரவில்லை. ஆனால் தாமான் பிள்ளைகளுக்கு நினைவாற்றல் அதிகம். எந்த வீட்டில் ஐந்து வெள்ளி, எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் 50 வெள்ளி தரிசனம் என்று அடுத்த தெருவரைக்கும் தகவல் போய்விடும். மூன்றாம் வருஷம் அந்தக் கூட்டம் இவர் கேட்டைத் தாண்டி நேரே பக்கத்து வீட்டுக்கு ஓடும். அப்போது ஜிப்பாவோடு வாசலில் நின்றுகொண்டு இவர் அலுத்துக்கொள்வார்: "இந்தக் காலத்துப் பிள்ளைங்க பெரியவங்கள மதிச்சு வீடேறி வர்றதே இல்ல."