கனவுக்கு மார்க் போட்ட துரைமார்

ஈப்போவில் ஒருவர் கொஞ்சம் ஏடாகூடமாகப் பேசினால் போதும், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு பஸ் ஏத்தி விடவா?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிடுவார். 1911இல் அங்கே மனநோய் மருத்துவமனை திறந்ததிலிருந்து பேராக் மக்களுக்கு மனோதத்துவத்தில் தெரிந்த ஒரே பாகுபாடு அதுதான்: பஸ் ஏற வேண்டியவர், ஏற வேண்டாதவர். ஆனால் 1934இல் மனங்களை அளப்பதற்காகவே பேராக்குக்கு ஓர் அமெரிக்கர் வந்தார். அவர் தேடி வந்தது மருத்துவமனையை அல்ல. அதற்குப் பின்னால் நீலமாக நிற்கும் மலைகளில், யார் வம்புக்கும் போகாமல் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த தெமியார் பழங்குடி மக்களை.

அவர் பெயர் கில்டன் ஸ்டூவர்ட். ஊட்டாவில் மோர்மன் குடும்பத்தில் பிறந்தவர். கதை சொல்வதில் மன்னன், பழகுவதில் தேன். பையில் ஒரு கட்டுக் காகிதம். காகிதத்தில் கோடுகளால் ஆன சந்துபொந்துகள். பென்சிலை எடுக்காமல் உள்ளிருந்து வெளியே வர வேண்டும். முட்டுச்சந்தில் நுழைந்தால் அந்த முயற்சி தோல்வி. எத்தனை முயற்சியில் எந்தப் படத்தைத் தாண்டினாய் என்று பார்த்து உன் 'மன வயது' இவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள்.

இந்தக் காகிதத்தைக் கண்டுபிடித்தவர் ஸ்டான்லி போர்ட்டியஸ், மெல்பர்னில் பள்ளி ஆசிரியர். 1914 வாக்கில், வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைப் பிரித்தறிய அவர் செய்தது. மெல்பர்ன் வகுப்பறைக்குள்ளேயே இருந்திருந்தால் அது பாவம், நல்ல பிள்ளைதான். கப்பலேறிய பிறகுதான் கெட்டுப்போனது.

போர்ட்டியஸ் 1922இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கரும்புத் தோட்டங்களில் ஜப்பானியர், சீனர், பிலிப்பினோக்கள், போர்ட்டோரிக்கர்கள் என்று பல இனக் கூலிகள். யார் முன்யோசனைக்காரர், யார் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுபவர், யாருக்குத் தன்னடக்கம் உண்டு? சோதனைத்தாள் மட்டும் போதாது என்று அவர் தோட்ட மேலாளர்களிடமும் அவர்களைப் போன்ற பெரிய மனிதர்களிடமும் கேட்டார். அவர்கள் சொன்னதைக் கூட்டிக் கழித்து இனங்களை வரிசைப்படுத்தி, 1926இல் மார்ஜரி பாப்காக்குடன் சேர்ந்து புத்தகமாகவே போட்டுவிட்டார். சம்பளம் கொடுப்பவன் கூலிக்காரனைப் பற்றிச் சொன்ன அபிப்பிராயம், கணக்குப் போட்டவுடன் விஞ்ஞானம் ஆகிவிட்டது! நம் ஊர் துரைகளுக்கு இந்த யோசனை வராமல் போனதுதான் ஆச்சரியம். தமிழன் அடங்கிப் போவான், சீனன் உழைப்பான், மலாய்க்காரன் சோம்பேறி என்று கிளப்பில் விஸ்கியோடு அவர்கள் போட்ட பட்டியல் தயாராகத்தான் இருந்தது. கணக்குப் போட ஆள் இல்லை. அந்தப் பட்டியலைப் பிரித்து மேய்வதற்கு சையத் ஹுசேன் அலதாஸ் 1977இல் புத்தகம் எழுத வேண்டியிருந்தது.

சரி, மலைக்கு வருவோம். ஸ்டூவர்ட்டுக்குத் தெமியார் மொழி தெரியாது. தைப்பிங்கில் பேராக் அருங்காட்சியகத்தில் 1931 முதல் கள ஆய்வாளராக இருந்த பாட் நூனுக்குத் தெரியும். கேம்பிரிட்ஜ் படிப்பு, இளரத்தம், பிறகு தெமியார் பெண்ணையே மணந்துகொண்டவர். இருவரும் சேர்ந்து சில வாரம் காட்டுக்குள் போனார்கள். ஸ்டூவர்ட் ஆங்கிலத்தில் கேட்பார், நூன் தெமியாரில் கேட்பார், பதில் அதே வழியில் திரும்பி வரும்.

காட்டில் வழி தவறினால் தெமியார்க்காரர் என்ன செய்வார்? திரும்பி வந்து வேறு வழி பிடிப்பார், அல்லது பக்கத்தில் வருபவரைக் கேட்பார். காகிதத்தில் இரண்டுமே குற்றம். ஆஸ்திரேலியாவில் போர்ட்டியஸுக்கே இது நடந்திருக்கிறது. அங்கே ஒரு பழங்குடி அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டது. பிறகு அவர் சோதனைத்தாளை நீட்டிவிட்டு உதவாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரன் என்கிறான், இவ்வளவு கஷ்டப்படுகிறோம், ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று அவர்கள் திகைத்தார்கள். இதைத் தம் புத்தகத்தில் எழுதிவைத்த நேர்மை போர்ட்டியஸுக்கு இருந்தது. எழுதிவிட்டு மார்க்கையும் போட்டார்.

ஒரு சோதனை யாரை வைத்துத் தரப்படுத்தப்பட்டதோ அவர்களுக்குத்தான் பொருந்தும். எதற்கு என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். வந்த எண்ணை வைத்து ஒரு சமூகத்தையே எடைபோடக் கூடாது. இன்று மனோதத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு முதல் ஆண்டிலேயே இதெல்லாம் பாடம். 1934இல் துரை வந்து நின்றாலே சம்மதம் கிடைத்த மாதிரி. பென்சிலைப் பிடித்தறியாத கைகள் மெல்பர்ன் பள்ளிப் பிள்ளைகளோடு போட்டி போட்டன. முடிவில் புலிக்கும் யானைக்கும் நடுவே குடும்பம் நடத்துகிற பெரியவர்கள், அரைக்கால் சட்டைப் பையன்களின் மன வயதில் போய் நின்றார்கள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் வழக்கமான காலனித்துவக் கதை. ஸ்டூவர்ட் விடவில்லை. அவர் அங்கே கனவுகளையும் சேகரித்திருந்தார். 1938இல் இன்னொரு முறை வந்துபோனார், 1948இல் லண்டனில் டாக்டர் பட்டம் வாங்கினார், 1951இல் மலாயாவின் கனவுக் கோட்பாடு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் இந்த மக்கள் மனிதகுலத்தின் மனோதத்துவ மேதைகள்! காலைப் பசியாறும்போதே அப்பா பிள்ளைகளின் கனவை விசாரிப்பாராம். கனவில் புலி துரத்தினால் திரும்பி நின்று அடி, விழுந்தால் சந்தோஷமாக விழு என்று பாடம் நடத்துவாராம். அதனால் இருநூறு முந்நூறு ஆண்டுகளாக அங்கே வன்முறைக் குற்றமே இல்லையாம்.

அதே ஆள், அதே மக்கள், அதே மொழிபெயர்ப்பாளர். காகிதம் கொடுத்தபோது குழந்தைகள், கனவு கேட்டபோது ஞானிகள். ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும்போது, வாளியில் யாராவது தண்ணீர் கலந்திருக்கிறார்களா என்று பார்க்க மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்க விடுவார்கள். கலந்திருந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும், கிராணி அன்றைய கணக்கில் கைவைத்துவிடுவார். பால் வெட்டுகிறவனின் வாளிக்கு இருந்த அந்தச் சோதனை ஸ்டூவர்ட்டின் நோட்டுப் புத்தகத்துக்கு இல்லை.

அமெரிக்காவோ அதை அப்படியே குடித்தது. 1969இல் சார்ல்ஸ் டார்ட்டின் தொகுப்பு நூலில் கட்டுரை மறுபடி வந்தது, 1974இல் பாட்ரீசியா கார்ஃபீல்டின் புத்தகம் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. கலிபோர்னியாவில் வட்டமாக உட்கார்ந்து 'செனோய்' (தெமியாரும் அடங்கிய பழங்குடிப் பிரிவின் பெயர்) முறையில் கனவு கண்டார்கள். இந்தப் பக்கம், செனோய் மலையடிவாரத்தில் குடியிருந்த நம் பாட்டிமார்களிடம் பாம்பு கனவில் வந்தது என்று சொன்னால் நாலு நம்பர் எடுத்துக் கடைக்கு ஆள் அனுப்பினார்கள். கனவை எண்ணாக்கும் கலையில் இதுவாவது வாரத்துக்கு வாரம் சரிபார்க்கப்பட்டது.

1980களின் தொடக்கத்தில் கனவு ஆய்வாளர் ஆன் ஃபாரடேயும் அவர் கணவரும் தெமியாரிடமே போய் விசாரித்தார்கள். கனவுகளுக்கு அங்கே மதிப்பு உண்டு, பாட்டும் மருத்துவமும் அதிலிருந்து பிறக்கின்றன. ஆனால் பசியாறும் நேரத்துக் கனவுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. 1985இல் வில்லியம் டொம்ஹாஃப் என்ற இன்னோர் ஆய்வாளர் ஸ்டூவர்ட்டின் தாள்களையெல்லாம் துருவி மிச்சத்தையும் முடித்துவைத்தார். ஸ்டூவர்ட் 1965இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். போர்ட்டியஸின் பெயரை ஹவாய்ப் பல்கலைக்கழகம் 1974இல் ஒரு கட்டடத்துக்கு வைத்தது. மாணவர்கள் கத்திய கத்தலுக்கு நிர்வாகம் 1998இல்தான் காதுகொடுத்துப் பெயரை எடுத்தது.

வன்முறையே இல்லை என்ற கணக்கைப் பொய்யாக்கியதில் பாட் நூனுக்கும் பங்கு உண்டு, அவர் விரும்பாத விதத்தில். ஜப்பான்காரன் காலத்தில், 1943 வாக்கில், காட்டுக்குள் காணாமல் போனார். தெமியார் ஆட்களே ஊதுகுழல் நச்சம்பால் கொன்றார்கள், காரணம் பெண் விவகாரம் என்று அவர் தம்பி ரிச்சர்ட் நூன் பல ஆண்டு விசாரித்து 1972இல் எழுதினார். அதற்கு முன்பே பழங்குடி இலாகாவின் தலைவராக இருந்த அதே ரிச்சர்ட், அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாட இந்த மக்களிலிருந்தே 1956இல் 'செனோய் பிராக்' என்ற போர்ப்படையைத் திரட்டினார். கையில் துப்பாக்கியோடு ஊதுகுழலும் உண்டு, காட்டுக்குள் எதிராளிக்குச் சிம்ம சொப்பனம். அது இன்றும் போலீஸ் படையாக இருக்கிறது. ஒரு பட்டாளம் பீடோரில், ஈப்போக்காரர்கள் கொய்யாப்பழம் வாங்கக் காரை நிறுத்துகிற அதே ஊரில்.